குளிர்காலத்தில் வீட்டுக்குள் உடற்பயிற்சி: எது எதைவிட மேல்?

குளிர்காலத்தில் நடையும் ஓட்டமும் நின்றுபோவதற்குக் குளிர் மட்டுமே காரணமல்ல. பகல் சுருங்கிவிடுவதால், வேலைக்கு முன்னும் பின்னும் கிடைத்துவந்த நேரம் இருட்டுக்குள் போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்போ தரவேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். வீட்டுக்குள் செய்யும் எதையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் போர்வையை விலக்கியதற்கும் முதல் அசைவுக்கும் இடையே எத்தனை தடைகள் இருக்கின்றன என்பதையும் நான் கணக்கில் சேர்க்கிறேன். குளிர்காலத்தில் பெரும்பாலான பயிற்சிகள் அந்த இடைவெளியில்தான் கைவிடப்படுகின்றன.

வசதி உள்ளவர்களின் முதல் தேர்வு ட்ரெட்மில்தான். 1818-இல் ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் கியூபிட் சிறைக் கைதிகளுக்கு வேலை கொடுப்பதற்காக வடிவமைத்த மிதிசக்கரத்தின் பெயரையே அது இன்றும் தாங்கி நிற்கிறது என்பது, அரைமணி நேரம் சுவரைப் பார்த்து ஓடியவர்களுக்கு வியப்பளிக்காது. அதில் காற்றை எதிர்த்து ஓட வேண்டியதில்லை என்பதால், வெளியில் ஓடும் உழைப்புக்கு நிகராக இருக்க ஒரு சதவீதம் ஏற்றம் வைத்துக்கொள்வது வழக்கம். நிலையான சைக்கிளோ குறைந்த இடத்தில் அடங்கும், சத்தமும் குறைவு, முழங்காலுக்கும் இதமானது. ஆனால் உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்வதால், நடையும் ஓட்டமும் எலும்புக்குக் கொடுக்கும் தூண்டுதல் அதில் கிடைக்காது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், மூட்டுவலி உள்ளவர்களுக்குச் சைக்கிளையும் மற்றவர்களுக்கு இரண்டையும் வாங்காமல் இருப்பதையுமே பரிந்துரைப்பேன். அடுத்த கோடைக்குள் இரண்டுமே துணி உலர்த்தும் கொடியாகிவிடும் வாய்ப்பு மிகுதி.

பணம் அதிகம் கேட்காத பந்தயம் கயிறு தாண்டுவதற்கும் மாடிப்படி ஏறுவதற்கும் இடையேதான். உழைப்பின் கடுமையில் கயிறே முந்துகிறது: ஓய்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலைப்போல் ஏறத்தாழ 11 அல்லது 12 மடங்கை அது கேட்கும். ஆனால் தலைக்கு மேல் கூரையும் காலுக்குக் கீழே அண்டை வீட்டாரும் இருப்பதை அது பொருட்படுத்துவதில்லை. அதைவிட முக்கியமாக, குளிரில் விறைத்திருக்கும் கெண்டைக்கால் தசையையும் குதிநாணையும் எழுந்தவுடனே குதிக்க வைப்பது காயத்தை வலிந்து அழைப்பதாகும். பத்து நிமிடமாவது உடலைச் சூடேற்றாமல் கயிற்றைத் தொடக் கூடாது. படிக்கட்டில் முதல் சில சுற்றுகளை மெதுவாக ஏறினால் அதுவே உடலைச் சூடேற்றிவிடுகிறது. அதன் கலோரிக் கணக்கு மட்டும் ஏமாற்றம் தரும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 3 மீட்டர் உயரமுள்ள ஒரு தளத்தைப் பத்து முறை ஏறினால், அவர் தூக்கிய எடைக்கான வேலை சுமார் 4 கிலோ கலோரிதான். தசைகள் செலவிடும் ஆற்றலில் கால் பங்கு அளவே வேலையாக மாறுவதால், உடலுக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 17 கிலோ கலோரி. ஆகவே படியேறுவதன் பயன் இதயத்துக்கும் தொடைக்கும் உரியது. எடைக்குறைப்பை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குவதால், பழக்கமில்லாதவர்களுக்கு மறுநாள் கால் வலிக்கும். முழங்கால் தொந்தரவு உள்ளவர்களையும் ஏறுவதைவிட இறங்குவதே அதிகம் படுத்தும்.

வலுப் பயிற்சிக்கு டம்பெல்லா ரப்பர் பட்டையா என்றால், என் வாக்கு பட்டைக்கே. டம்பெல்லின் எடை மாறாது. பட்டையின் இழுவை நீள நீளக் கூடிக்கொண்டே போகும், ஆகவே அசைவின் முடிவில் தசை அதிகம் உழைக்கும். பட்டையைக் கதவில் மாட்டி முதுகுப்பக்கம் நோக்கி இழுக்கலாம். தண்டாலும் பஸ்கியும் அந்த முதுகுத் தசைகளுக்கு அவ்வளவாக வேலை கொடுப்பதில்லை. நாள் முழுவதும் குனிந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது சிறு விஷயமல்ல. தண்டாலும் பஸ்கியும் தொடங்குவதற்கு மிக எளியவை. ஆனால் சில வாரங்களில் உடல் பழகிவிடும். அப்போது எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போகாமல், தண்டாலில் காலை உயரத்தில் வைத்தும் பஸ்கியில் மெதுவாக இறங்கியும் கடுமையைக் கூட்டவேண்டும்.

நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும் தபாட்டா முறை, அதாவது 20 நொடி உழைப்பும் 10 நொடி ஓய்வுமாக எட்டுச் சுற்று, நேரமில்லாதவர்களை எளிதில் கவர்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டாவின் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் பயிற்சி பெற்ற இளைஞர்கள். எட்டாவது சுற்றைத் தாண்ட முடியாத அளவு கடுமையாகச் சைக்கிள் மிதித்தவர்கள். வரவேற்பறையில் மிதமாகக் கைகால் வீசுவது அதற்கு ஈடாகாது. யோகா இதன் எதிர்முனை: பெரும்பாலான மெதுவான ஆசனங்கள் அந்த 150 நிமிடக் கணக்கை நிரப்பப் போதுமானவை அல்ல. ஆனால் குளிரில் இறுகிய இடுப்பையும் தோளையும் அவிழ்ப்பதில் மற்ற எதுவும் அதனை நெருங்காது. அதனால் நான் அதனைக் காலையில் வைத்துக்கொள்ளாமல், படியேறி உடல் சூடான மாலையில் வைத்துக்கொள்கிறேன்.