மாதவிடாய் வலிக்குச் சீன மருந்து: தாங்குவெய்யா, பியோனியா, இஞ்சியா?

மாதவிடாய் வலிக்குச் சீன மருந்து என்றாலே பேச்சு தாங்குவெய் என்ற வேரில்தான் தொடங்கும். சீனாவின் கன்சு மாகாணத்தில் ‘மின்’ என்ற வட்டாரத்தில் விளையும் வேருக்குத் தனி மவுசு. கொத்தமல்லி, சோம்புக் குடும்பம்தான். கொதிக்கும்போது வீடு முழுக்க செலரி வாசம். ஆனால் வலி பிடித்த அன்று காய்ச்சிக் குடித்துவிட்டு ‘கேட்கவே இல்லை’ என்று வேரைத் திட்டினால், அது அதன் குற்றமல்ல.

தாங்குவெய் பெரும்பாலும் கூட்டாகத்தான் வரும். வெண்பியோனிப் பூச்செடியின் வேர், சுவான்சியோங், வேகவைத்த ரெமேனியா என்ற மூலிகைகள் மூன்றும் அதனோடு சேர்ந்தால் ‘ஸிவு தாங்’: நான்கு சரக்குக் கஷாயம். சீனாவின் சோங் அரச வம்சக் காலத்து அரசு மருந்துத் தொகுப்பிலேயே உள்ளது. ரத்தத்தைத் தேற்றுவதற்கென்று, வழக்கமாக மாதவிலக்கு முடிந்த பிறகு சில நாள் குடிப்பார்கள். உடனடி வலிக்கு இதை நம்ப முடியாது. தைவானில், மருந்துச் சரக்கு இல்லாத போலி மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்விலும் (2007) குடித்த மாதங்களில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை.

சுருட்டிப் பிடிக்கும் வலிக்கு என் ஓட்டு வெண்பியோனி, அதிமதுரம் என்ற இரண்டு சரக்குக் கஷாயத்துக்கே. ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் சீன வைத்தியர் சாங் சோங்சிங் இதைக் காலில் நரம்பு இழுத்துப் பிடிப்பதற்குச் சொன்னார். ஜப்பானிய மருத்துவர்கள் இன்றும் ‘ஷாகுயாகு கன்சோதோ’ என்ற பெயரில், கெண்டைக்கால் பிடிப்புக்கும் மாதவிடாய் வலிக்கும் எழுதித் தருகிறார்கள். கருப்பையும் தசைதானே. இனிப்பாக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் குடிக்கக் கூடாது: அதிமதுரம் பொட்டாசியத்தைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

யிமுசாவ் என்றால் ‘தாய்க்கு நன்மை தரும் செடி’. பெயரில் மயங்க வேண்டாம். இது கருப்பையைச் சுருங்க வைக்கும் மூலிகை. பிரசவத்துக்குப் பின் கொடுப்பதும் அதனால்தான். ரத்தம் கட்டிகட்டியாக, தடைபட்டு வருபவர்களுக்குச் சீன வைத்தியர் தருவார். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால்கூடத் தொடாதீர்கள்.

மிச்சம் இருப்பது பழுப்புச் சர்க்கரை போட்ட இஞ்சித் தண்ணீர். சீனப் பாட்டிகளின் வைத்தியம். நமக்குச் சுக்குக் கருப்பட்டிபோல. ஈரானில் 2009இல் 150 மாணவியரிடம் நடந்த ஆய்வில், 250 மில்லிகிராம் இஞ்சிப்பொடியை நாளுக்கு நான்கு வேளை மூன்று நாள் கொடுத்தார்கள். ஐபுப்ரோஃபென், மெஃபெனாமிக் அமிலம் என்ற வலி மாத்திரைகள் இரண்டுக்கும் சமமாக வலி குறைந்தது. மலிவு, கைக்கு எட்டும். முதல் முயற்சிக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மொத்தச் சீன மூலிகைகளுக்கும் சான்று எப்படி? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2008 அலசல் 39 ஆய்வுகளைப் பார்த்து, நம்பிக்கை தரும் பலன் என்றது. கூடவே, ஆய்வுகளின் தரம் குறைவு என்றும் சொன்னது.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடுபவர்கள் தாங்குவெய் பக்கமே போக வேண்டாம்; ரத்தக்கசிவு கூடும். மாதா மாதம் வலி ஏறிக்கொண்டே போனால், கஷாயத்தை மாற்றிக்கொண்டிருக்காமல் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.