வேலை போனதோடு 4,200 வெள்ளியும் போனது: கோலாலம்பூரில் ‘பெர்மிட் மாற்றித் தருகிறேன்’ என்பவரிடம் போகாதீர்கள்

இன்னும் கை நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் வேலை போய், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் நம் ஊர் ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னிடமிருந்து போனது 4,200 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் திருச்சிப் பக்கம். இங்கே ஒரு சரக்கு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை, இரண்டரை வருடம், மாதம் 3,800 வெள்ளி. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எச்ஆர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஆள்குறைப்பாம், வெளிநாட்டுக்காரர்களைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறதாம். அது பொய்யில்லை, ஒரே மாதிரி வேலையில் இருப்பவர்களில் அப்படித்தான் என்று 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் என் சம்பளத்துக்கும் சர்வீசுக்கும் ஆறு வார நோட்டீஸும், வருடத்துக்கு 15 நாள் கணக்கில் ஏறத்தாழ 37 நாள் சம்பளமும் வர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு ராஜினாமாக் கடிதத்தை நீட்டி, திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொண்டு வா என்றார்கள்.

அந்த இரண்டு நாள் ராத்திரி தூக்கமே இல்லை. வேலை தேடும் தமிழர்களுக்கென்று இருக்கும் ஒரு பக்கத்தில்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். ‘வேலை போச்சா? 14 நாளில் புது பெர்மிட், நஷ்ட ஈடும் வாங்கித் தருகிறோம்.’ அதிலிருந்த நம்பரைக் கூப்பிட்டால் அந்த ஏஜென்ட் இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னார்.

இந்த இடத்தைத்தான் நூறு தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். உட்கார்ந்ததும் காசைப் பற்றிப் பேசவில்லை. “சாப்பிட்டியா தங்கச்சி? முகமே வாடிப்போயிருக்கே” என்றார். இரண்டு நாளாக என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை, அழுதுவிட்டேன். தோசையும் தே தாரேக்கும் (இந்த ஊர் ஆற்றிய பால் டீ) அவரே வாங்கிக் கொடுத்தார், பில்லைத் தொட விடவில்லை. (4,200 வெள்ளிக்கு ஒரு தோசை!) என் எதிரிலேயே யாரையோ போனில் கூப்பிட்டு “டத்தோ, டத்தோ” என்று, அதாவது இங்கே பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் பட்டத்தைச் சொல்லி, மலாயில் பேசி, “போலே, போலே” (முடியும், முடியும்) என்று சிரித்தார். அந்தப் பக்கம் ஆள் இருந்ததா என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது. பத்துமலை முருகன் சிலைக்கு முன்னால் குடும்பத்தோடு நிற்கும் படம்தான் அவருடைய புரொஃபைல் படம். முருகன் முன்னால் நிற்கிறவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன், என் புத்தி அவ்வளவுதான்.

“ராஜினாமாவுல கையெழுத்து போட்டுடும்மா, அப்பதான் இமிகிரேஷன்ல பேரு சுத்தமா இருக்கும், மத்தத அண்ணன் பார்த்துக்கிறேன்” என்றார். போட்டேன். முன்பணம் 1,500. ‘ஆபீசருக்கு’ என்று 2,100. வேலை போனவர்களுக்கு சொக்சோவில் (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்புறுதி அமைப்பு) பணம் வருகிறது, அதற்கு ஃபைல் போட என்று 600. மொத்தம் 4,200 வெள்ளி, மூன்று தடவையும் அவர் பெயரில்லாத வேறொரு அக்கவுண்டுக்கு. கூடவே பாஸ்போர்ட்டையும் கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன், திட்டுங்கள்.

அப்புறம் ஆரம்பித்தது. சிஸ்டம் டவுன். ஆபீசர் லீவு. செவ்வாய்க்கிழமை கட்டாயம் வந்துவிடும். எந்தச் செவ்வாய் என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு நாள் அவர் மனைவி எடுத்து “பூஜையில இருக்காரு” என்றார், பகல் இரண்டு மணிக்கு. கடைசியாக, “காசு காசுன்னு ஏன் அரிக்கிற, உனக்கு உதவி செஞ்சது என் தப்பு” என்று அவன் என்னைத் திட்டினான். இனி அவன்தான், மரியாதை போதும். போலீசுக்குப் போகிறேன் என்று வாய்ஸ் மெசேஜ் போட்ட மறுநாள், பாஸ்போர்ட்டை ஒரு துணி துவைக்கும் கடையில் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்துவிட்டுப் போனான். காசு ஒரு வெள்ளி வரவில்லை.

வேலை போய் 74 நாள் கழித்துத்தான், ஒரு தோழி இழுத்துக்கொண்டு போனதால், அரசு அலுவலகக் கவுன்டரில் போய் நின்றேன். அங்கிருந்த மலாய் அக்கா தேதியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அநியாயமாக நீக்கினார்கள், வற்புறுத்தி ராஜினாமா வாங்கினார்கள் என்று முறையிட 60 நாள்தான். அதற்கு ஏஜென்ட் வேண்டாம், கட்டணமும் கிடையாது. நானோ அந்த 60 நாளும் செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்தேன். சொக்சோ சமாச்சாரமும் சுத்தப் பொய். வேலை போனால் உதவித்தொகை தரும் காப்புறுதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், நமக்கு இல்லை.

கம்பெனி என் எம்ப்ளாய்மென்ட் பாஸை, அதாவது இங்கே வேலை செய்யும் அனுமதியை, ரத்து செய்து எவ்வளவோ நாளாகிவிட்டது. இப்போது கையில் இருப்பது ஊருக்குப் போகும் வரை தங்க ஒரு ஸ்பெஷல் பாஸ். டிக்கெட் காசு தம்பி அனுப்பினான், அவனிடம் 4,200 வெள்ளி கதையை இன்னும் சொல்லவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், பெட்டி கட்ட வேண்டும், அவசரமாகச் சில மட்டும். ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள், எவன் சொன்னாலும். வேலை போன தேதியைக் காலண்டரில் எழுதி 60 நாளை எண்ணுங்கள். சம்பள பாக்கி, நோட்டீஸ் பணம் என்றால் தொழிலாளர் இலாகாவுக்கு நேரே போங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டியது வேலை கொடுக்கும் கம்பெனி, சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பவன் இல்லை. பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள், அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது இங்கே குற்றம். காசு போடும் முன் போலீசின் செமாக் மியூல் தளத்தில் அக்கவுண்ட் நம்பரைத் தட்டி, அதன் மேல் மோசடிப் புகார் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டுவிட்டீர்களா, உடனே பண மோசடிக்கான அரசு உதவி எண் 997-ஐக் கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டபோது மூன்று மாதம் தாண்டியிருந்தது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் ஸ்டேட்டஸ் ஒன்று வந்தது. பத்துமலை முருகன், ‘இனிய காலை வணக்கம்’. அதற்குக் கீழேயே, ‘வேலை போச்சா? இந்த வாரம் இரண்டு இடம் மட்டுமே.’