ரோஜாவுக்கு லேபிள் இல்லாத மருந்து குடுத்தா வாங்காதீங்க

மாடித்தோட்டம் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு படிங்க. எங்க மாடில 11 தொட்டி ரோஜா, அதுல நாலு பன்னீர் ரோஜா அம்மா இருந்தப்ப வச்சது. ஐப்பசி மழை விடாம பேஞ்சதுல அடி இலைல கருப்பு புள்ளி வந்துச்சு, மை தெறிச்ச மாதிரி ஓரமெல்லாம் பிசிறு பிசிறா, சுத்தி மஞ்சளாகி தொட்டாலே இலை உதிருது.

ரெண்டு இலைய பறிச்சுட்டு செடி வாங்குன நர்சரிக்கே போனேன். அந்த தம்பி திருப்பிக்கூட பாக்கல, "பூச்சி தான்க்கா, இத அடிங்க, எல்லா நோய்க்கும் கேக்கும்"னு பச்ச மூடி போட்ட அரை லிட்டர் பாட்டில் குடுத்தாரு, 480 ரூபா. லேபிள் கிடையாது, பில் கேட்டா "உங்களுக்கு எதுக்குக்கா பில்லு". நம்பி அடிச்சேன். மூணாம் நாள் துளிரெல்லாம் நுனி கருகிடுச்சு, புள்ளியும் நிக்கல, அம்மா செடி ரெண்டு வெறும் குச்சி ஆயிடுச்சு. போய் கேட்டா நான் தான் அதிகமா ஊத்திட்டேனாம்.

அப்புறம் தான் வேளாண்மை விரிவாக்க மையத்துல காட்டினேன். இது கரும்புள்ளி நோய், பூஞ்சணம், பூச்சி மருந்துக்கு கேக்கவே கேக்காதுன்னாங்க. இலை ஏழு மணி நேரம் ஈரமாவே இருந்தா போதுமாம், நோய் உள்ள இறங்கிடும். நான் தினம் சாயங்காலம் செடி மேலயே தண்ணி தெளிச்சுட்டு இருந்தேன். இப்ப காலைல வேர்ல மட்டும் ஊத்துறேன், உதிர்ந்த இலைய கம்போஸ்ட்ல போடாம பொறுக்கி குப்பைக்கு அனுப்பிடுறேன், தொட்டிய தள்ளித் தள்ளி வச்சு நடுவுல அடைச்ச கிளைய வெட்டிட்டேன். மேன்கோசெப்னு பூஞ்சண மருந்து, லிட்டர் தண்ணிக்கு 2 கிராம் கலந்து அடிக்கிறேன், மழை இருக்குற வரைக்கும் பத்து நாளைக்கு ஒரு தடவ. புள்ளி விழுந்த இலை திரும்பாது, புதுசா வர்ற இலைய காப்பாத்துறதுக்கு தான் அது.

எனக்கு வயித்த கலக்குறது வேற. பன்னீர் ரோஜா இதழ எங்க வீட்டு பசங்க சும்மாவே பிச்சு வாயில போடும், என்ன விஷம்னே தெரியாம அதுல அடிச்சிருக்கேன். 1968 பூச்சிக்கொல்லி சட்டப்படி பாட்டில்ல மருந்து பேரு, பதிவு எண், காலாவதி தேதி, விஷ அளவு காட்டுற கலர் முக்கோணம் எல்லாம் இருக்கணும், பில்லும் குடுத்தே ஆகணும். மீதி மருந்த கொட்டாம வச்சிருக்கேன், திங்கக்கிழமை புகாரோட குடுக்கப் போறேன். இதே மாதிரி பாட்டில் வாங்கினவங்க அடிக்காம நிறுத்திடுங்க, இதழ பசங்க கைல குடுக்காதீங்க.