மரம், கல், சுண்ணாம்பு: ஆறு ஆண்டுகள் புழங்கிய வீடு

அடுக்குமாடிக் குடியிருப்பிலுள்ள எங்கள் வீட்டை, குறைந்த சாமான்களோடும் பெரும்பாலும் மரம், கல், சுண்ணாம்பு, சணல் ஆகியவற்றைக் கொண்டும் அமைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குடிபுகுந்த மாதத்திலேயே எழுதியிருந்தால் இது வெறும் பாராட்டாக முடிந்திருக்கும். எது உழைத்தது, எது படுத்தியது என்பது புழங்கிய பிறகுதான் தெரிந்தது.

முதலில் மேசையைச் சொல்ல வேண்டும். அகலமான மரப்பலகையைத் தச்சர் கால்சட்டத்தோடு திருகாணிகளால் அசையாதபடி முடுக்கிவிட்டுப் போனார். மரம் ஈரக்காற்றில் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும்; அதுவும் நீளவாக்கில் அனேகமாக இல்லை, ரேகைக்குக் குறுக்கே, அகலவாக்கில்தான். அந்த அசைவுக்கு இடம் கொடுக்காததால், முதல் வறண்ட பருவத்திலேயே பலகையின் நடுவே அஞ்சலட்டை நுழையும் அளவுக்கு விரிசல் கண்டது. பிறகு சட்டத்திலிருந்த வட்டத் துளைகளை நீள்துளைகளாக்கி, திருகாணி நகர வழிசெய்தோம். புதிய விரிசல் வரவில்லை. பழையது மழைக்காலத்தில் ஒடுங்கி, வெயில் ஏறியதும் வாய் திறக்கிறது. இப்போது அதைப் பார்த்தே பருவம் சொல்லிவிடுவேன்.

மேசைக்கு ஆளிவிதை எண்ணெயும் புத்தக அலமாரிக்குப் பாலியூரித்தேன் பூச்சும் கொடுத்திருந்தோம். அலமாரி மூன்று ஆண்டுகள் புதிதுபோலவே இருந்தது. ஆனால் ஓரிடத்தில் பூச்சு உரிந்தபோது அந்தத் தட்டு முழுவதையும் சுரண்டிப் பூச வேண்டியதாயிற்று. மேசையில் கறை பட்டால் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் தடவினால் போதும், கால்மணி நேர வேலை. ஒரு எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறியக் கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் உண்டாகி, சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்து உலர்த்த வேண்டும்.

சுண்ணாம்புப் பூச்சுச் சுவரின் அழகைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. காலை வெளிச்சம் அதில் பட்டுப் பரவுவதுபோல் வேறெந்தச் சாயத்திலும் பரவக் கண்டதில்லை. ஆயினும் பூஞ்சணம் அண்டாது என்று நம்பியது முழு உண்மையன்று. புதுச் சுண்ணாம்பின் கடுமையான காரம் பூஞ்சணத்தைத் தடுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று அது மெல்லக் கல்லாக இறுகும்போது காரம் தணிந்துவிடும். நான்காம் ஆண்டில், குளியலறையை ஒட்டிய சுவரில், துணி அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் கோடாக வந்திருந்தன. அலமாரியை ஒரு சாண் முன்னே இழுத்துக் காற்றோட்டம் கொடுத்த பிறகு பரவவில்லை. ஆணித் துளையை அடைத்த இடம் மட்டும் இன்றும் திட்டாகவே தெரிகிறது.

சமையல் மேடையில் பளிங்கு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு பட்டால் கல்லின் மேற்பரப்பே கரைந்து மெருகு போய்விடும். அரை எலுமிச்சையைக் கவிழ்த்து வைத்த வட்டம், மங்கிய நிலாபோல், இரண்டு ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது. அது கறையன்று என்பதால் எந்தச் சோப்பும் உதவாது. தொட்டியை ஒட்டிய பகுதியைக் கிரானைட்டாக மாற்றிவிட்டோம்.

சாமான் குறைந்த அறை எதிரொலிக்கும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தரையில் சணல் விரிப்பும் சன்னலில் கனமான லினன் திரையும் வந்த பிறகே பேச்சு காதில் தெளிவாக விழுந்தது. சணலில் தண்ணீர் கொட்டினால் பழுப்புக் கறை நிற்கும். ஆகவே, உணவு மேசைக்கு அடியில் விரிப்பே போடுவதில்லை.

மறுபடி ஒரு வீடு அமைத்தால் மரப்பலகையைச் சில வாரங்கள் அந்த வீட்டிலேயே கிடத்தி, அங்குள்ள காற்றுக்குப் பழகவிட்ட பிறகுதான் தச்சரை அழைப்பேன்.