ஊசியா, டியூபா?

"பிள்ளைக்கு நுரையீரல் சுருங்கிருச்சு, நெஞ்சுல டியூப் போடணும்" என்று மதுரை பெரியாஸ்பத்திரி ஐ.சி.யூ. வாசலில் சொன்னால், மேலூர்ப் பக்கத்து அப்பத்தா கேட்பது ஒன்றுதான்: "ஊசியிலேயே காத்தை எடுத்துற முடியாதாய்யா?"

நியாயமான கேள்வி. நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே கசிந்த காற்று, இதயத்தையே தள்ளும் அளவுக்கு அழுத்தி ரத்த அழுத்தம் இறங்கினால், ஊசிதான் முதலில். எக்ஸ்ரேவுக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. ஆனால் மெல்லிய ஊசி மடங்கும், அடைக்கும், நழுவும்.

வென்டிலேட்டரில், அதாவது செயற்கை மூச்சு மெஷினில் இருக்கும் குழந்தைக்கு அதோடு விட முடியாது. மெஷின் ஒவ்வொரு மூச்சையும் அழுத்தித் தள்ளுவதால் நுரையீரலில் உள்ள ஓட்டை வழியே காற்று மறுபடி கசியும். பஞ்சரான சைக்கிளுக்குக் காற்றடிக்கிற கதை. அங்கே டியூப்தான். அக்குளுக்குக் கீழே 4 அல்லது 5-வது விலா இடுக்கில் நுழைத்து, மறுமுனையைப் பாட்டில் தண்ணீருக்குள் மூழ்க வைப்பார்கள். காற்று வெளியேறும், திரும்பாது. குமிழி தொடர்ந்து வந்தால் கசிவு நிற்கவில்லை என்று பொருள். வலிக்கும்தான், அதற்கு மருந்து உண்டு. பாட்டிலை மட்டும் நெஞ்சுக்கு மேலே தூக்கிவிடாதீர்கள்.

தானாக மூச்சுவிடும் பிள்ளைக்குக் கசிவு கொஞ்சம் என்றால், சில நேரம் இரண்டுமே வேண்டாம், கவனித்துக்கொண்டிருந்தாலே போதும்.