பிள்ளைக்கு பி.எஸ்.5 வாங்குவதா, கம்ப்யூட்டர் வாங்குவதா?

இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் இருக்கும் தங்கச்சி போன வாரம் போன் எடுத்தாள். "அண்ணே, பெரியவன் பி.எஸ்.5 கேக்குறான். அவங்கப்பா, அதே காசுக்கு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கினா படிப்புக்கும் ஆகும்ங்கிறாரு. நீங்கதான் சொல்லணும்." பி.எஸ்.5 என்பது டிவியில் மாட்டி விளையாடுகிற சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் மெஷின், இந்த மாதிரி மெஷினைக் கன்சோல் என்பார்கள். பெரியவனுக்கு 13 வயது, தரம் 8 படிக்கிறான். இரண்டு வருடம் கட்டிய சீட்டுக் காசையும், கொழும்பில் வேலை செய்யும் அவன் அப்பா மிச்சம் பிடித்ததையும் வைத்துத்தான் இந்தப் பேச்சு. பிழையாக வாங்கிவிட்டால் மறுபடி வாங்க இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். அதனால் போனிலேயே பதில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஹட்டனில் பத்து வருடத்துக்கு மேலாகக் கம்ப்யூட்டரும் கேம் மெஷினும் திருத்துகிறேன். இதே கேள்வியோடு கடைக்கு வருகிற மற்ற அம்மா அப்பாமாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் திரையில் தெரிகிற கேம் படத்தின் தரத்தைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் பெரிய விவாதம் இல்லை. 2020 நவம்பரில் வந்த பி.எஸ்.5 காட்டுகிற படத்தை, அதே காசில் மொனிட்டர், கீபோர்ட் எல்லாம் சேர்த்துப் புதிதாகக் கட்டுகிற கம்ப்யூட்டர் காட்டாது. கன்சோல் செய்கிற கம்பனிகள் மெஷினில் பெரிதாக இலாபம் பார்ப்பதில்லை, பிறகு கேம் விற்றுத்தான் சம்பாதிக்கின்றன. எனவே பெட்டியின் விலைக்கு உள்ளே இருக்கும் சரக்கு அதிகம். பெரிய டிவியில், சோபாவில் உட்கார்ந்து, பட்டனை அழுத்தியதும் கேம் ஓட வேண்டும் என்றால் கன்சோல்தான்.

ஆனால் நம் பக்கத்தில் ஒரு மெஷின் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்பதைப் படம் தீர்மானிப்பதில்லை. கரண்ட் தீர்மானிக்கிறது.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலையகத்தில் மத்தியானம் திரும்பினால் இடிதான். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறது. பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மெஷினைப் போடுகிற நேரமும் இடி தொடங்குகிற நேரமும் ஒன்றாகவே இருக்கும். அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார், பிளக்கைக் கழற்று என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. கூரையில் மாட்டிய டிஷ்ஷிலிருந்து கேபிள் டிவிப் பெட்டிக்கு வருகிறது, அங்கிருந்து டிவிக்கு, டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வயர் வழியாகக் கேம் மெஷினுக்கு. மின்னல் இந்தப் பாதையிலும் வரும். திடீரென்று ஏறும் கரண்டைத் தடுக்கிற சர்ஜ் புரொடெக்டர் போட்டிருக்கிறோம் என்று நம்பியிருந்த ஒரு வீட்டிலிருந்து, எச்டிஎம்ஐ பக்கம் கருகிய பி.எஸ்.4 ஒன்று என் மேசைக்கு வந்தது. அந்தப் பிள்ளை அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தான். தோட்டத்து வரிசை வீடுகளான பழைய காம்பராக்கள் பலவற்றில் சதுர பிளக் பொயின்ட் மாட்டியிருப்பார்கள், எர்த் கம்பி மட்டும் எங்கேயும் போய்ச் சேராது. எர்த் இல்லாத இடத்தில் சர்ஜ் புரொடெக்டரால் அரைவாசி வேலைகூடச் செய்ய முடியாது.

அடி விழுந்த பிறகுதான் இரண்டு மெஷினுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். கன்சோலில் புரொசசர், கிராபிக்ஸ், மெமரி எல்லாம் ஒரே பலகையில் ஒட்டியிருக்கின்றன. அந்தப் பி.எஸ்.4க்குத் தேவையான சிப் கொழும்பிலிருந்து வந்து, அதைக் கழற்றி ஒட்டி முடிக்க ஐந்து வாரம் போனது. அதே மாதம் தலவாக்கலையிலிருந்து வந்த ஒரு கம்ப்யூட்டரில் பவர் சப்ளை மட்டும் போயிருந்தது. வேறொன்றை மாட்டி அன்று பின்னேரமே கொடுத்தனுப்பினேன். கம்ப்யூட்டர் அடிபடாது என்று நான் சொல்ல வரவில்லை. கிராபிக்ஸ் கார்டும் கருகும், மதர்போர்டும் போகும். ஆனால் ஒன்று போனால் மற்றவை மிஞ்சும், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கண்டியிலோ பழைய பாகமாவது கிடைக்கும்.

விறகு அடுப்புப் புகையையும் சொல்ல வேண்டும். சமையலறைக் கரி காம்பரா முழுவதும் பரவி, மெஷினின் விசிறியில் எண்ணெய்ப் பசையோடு அப்பிக்கொள்கிறது. கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைத் திருகாணி கழற்றித் திறந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையே பிரஷ்ஷால் துடைக்கலாம். பி.எஸ்.5இன் வெளி மூடிகளையும் கழற்றலாம்தான். ஆனால் அதற்கு மேல் உள்ளே போக வேண்டாம். அதன் சிப்புக்கும், சூட்டை இழுக்கிற ஹீட்சிங்குக்கும் நடுவில் திரவ உலோகம் பூசியிருக்கிறார்கள், அது சிந்தினால் பலகையே போய்விடும்.

அப்புறம் கரண்ட் பில். இதை யாரும் வாங்குவதற்கு முன் கணக்குப் பார்ப்பதில்லை. பி.எஸ்.5 பெரிய கேம் ஓடும்போது ஏறக்குறைய 200 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 12 யூனிட். பெரிய கார்ட் போட்ட கேமிங் கம்ப்யூட்டர் 400 வாட் வரை போகும், அது 24 யூனிட். மைக்ரோசொப்டின் கன்சோலான எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் சிறிய வயிறு, 80 வாட்டுக்குள் நிற்கும், 5 யூனிட்தான். நின்டெண்டோ சுவிட்ச் டிவியில் மாட்டினாலும் 20 வாட்டைத் தொடாது. வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 யூனிட் என்பது ஒரு முக்கியமான கோடு. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு கட்டணம், மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். தங்கச்சி வீட்டுப் பில்லைக் கேட்டேன், 52, 54 என்று வருகிறது. 12 யூனிட் கூடினால் கோட்டைத் தாண்டிவிடும்.

சரி, டிவி யாருடையது? தங்கச்சி வீட்டில் ஒரே டிவி. பின்னேரம் ஆறரையிலிருந்து ஒன்பது மணி வரை அது அவள் மாமியாருடையது. நாற்பது வருடம் கூடை சுமந்த மனுஷிக்கு நாடகம் பார்க்கிற நேரம்தான் ஓய்வு, அதை யாரும் பறிக்கக் கூடாது. பிள்ளைக்கும் படித்து முடித்து விளையாடக் கிடைப்பது அதே நேரம்தான். கன்சோல் வந்த வீடுகளில் நான் கேட்கிற முதல் சண்டையே இதுதான். கன்சோலுக்குத் தனியாக ஒரு பழைய மொனிட்டர் வாங்கி மாட்டலாம், எச்டிஎம்ஐ இருந்தால் போதும். அதில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் பி.எஸ்.5இன் கன்ட்ரோலரிலேயே ஹெட்போன் குத்த இடம் இருக்கிறது. ஆனால் அந்தச் செலவையும் கன்சோல் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

இன்டர்நெட்டில் இரண்டும் கஷ்டம்தான். பெரிய கேம்கள் பல 100 ஜிபியைத் தாண்டும். டிஸ்க் வாங்கினாலும் அப்டேட் தனியாக இறங்கும். 4ஜி ரவுட்டர் வைத்திருக்கிறவர்கள் நள்ளிரவு டேட்டாவில் இறக்கிக்கொள்ளலாம். சோனியின் கணக்குத் திறக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை, இங்கே எல்லாரும் இந்தியா, அமெரிக்கா என்று வேறு நாட்டைத்தான் போட்டுத் திறக்கிறார்கள். எந்த நாட்டைப் போட்டீர்களோ அந்த நாட்டுக் கிப்ட் கார்டுதான் அதில் வேலை செய்யும். தெரியாமல் வேறு நாட்டுக் கார்டை வாங்கிவிட்டு வந்து நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் இந்தத் தொல்லை குறைவு. இன்டர்நெட்டில் கேம் விற்கிற ஸ்டீம் கடை தெற்காசிய நாடுகளுக்கென்று டொலரில் தனி விலை வைத்திருக்கிறது, இலங்கையும் அதில் அடக்கம். எபிக் கடை 2018 டிசம்பரிலிருந்து இலவசமாகக் கேம்கள் கொடுத்துவருகிறது. டிஸ்க் போடுகிற கன்சோலுக்கு ஒரு நல்லது உண்டு, விளையாடி முடித்த டிஸ்க்கை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க் போட இடமில்லாத டிஜிட்டல் மொடலில் அதுவும் கிடையாது, விலை குறைகிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள்.

மச்சான் சொன்ன "படிப்புக்கும் ஆகும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகள் நம் தோட்டங்களில் இருந்தார்கள். ஒரு போனில் மூன்று பிள்ளைகள் பாடம் கேட்டார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் என்பது வெறும் ஆசையாகத் தெரியாது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்தால் பைதன் மொழியில் புரோகிராம் எழுத வேண்டும், போனில் எழுதிப் பழக முடியாது. ரோப்ளொக்ஸ் விளையாடக் கன்சோலும் போதும், போனும் போதும். ஆனால் ரோப்ளொக்ஸில் சொந்தமாக ஒரு கேம் செய்ய வேண்டும் என்றால் அதற்கான ஸ்டூடியோ கம்ப்யூட்டரில்தான் ஓடும். மைன்கிராப்டின் ஜாவா பதிப்பும், அதில் பிள்ளைகள் தாங்களே எழுதிச் சேர்க்கிற மொட்களும் அப்படித்தான்.

ஆனால் மச்சான், ஒன்றை மனதில் வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்ததால் மட்டும் பிள்ளை படித்துவிடாது. படிக்கத்தான் வாங்கினோம் என்று சொல்லிவிட்டு, கேம் போடும்போதெல்லாம் திட்டினால் அவன் மறைத்து விளையாடப் பழகுவான். விளையாடவும் வாங்கினோம் என்று முதல் நாளே அவனிடம் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுங்கள். நேரத்தைக் கட்டுப்படுத்துவதில் கன்சோல்தான் சுலபம் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். பி.எஸ்.5இல் குடும்பக் கணக்கில் நேரம் போட்டுவிடலாம், சுவிட்சுக்கு அம்மாவின் போனிலேயே ஒரு அப் இருக்கிறது. விண்டோஸிலும் அந்த வசதி உண்டு, ஆனால் அமைக்கக் கொஞ்சம் விஷயம் தெரிய வேண்டும், 13 வயதுப் பிள்ளை தாண்டிப் போகவும் வழி கண்டுபிடிப்பான். அதனால் கம்ப்யூட்டரைக் காம்பராவின் முன்பக்கம், எல்லாரும் நடமாடுகிற இடத்தில் வைக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்களோடு ஹெட்போனில் பேசுகிற கேம்கள் நிறைய இருக்கின்றன, அவன் குரலாவது வீட்டுக்குக் கேட்கட்டும்.

கேமிங் கம்ப்யூட்டர் என்றதும் கலர் விளக்கு எரிகிற புதுப் பெட்டியைத்தான் கடைகளில் காட்டுவார்கள். நான் சொல்வது அது அல்ல. ஒபிஸ்களில் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க் மாதிரி மெஷின்கள் கொழும்பு யுனிட்டி பிளாசாவிலும் கண்டியிலும் கிடைக்கின்றன. இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாகப் பார்த்து எடுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது, அதற்கு முந்திய இன்டெல் சிப்களை விண்டோஸ் 11 முறையாக ஏற்பதில்லை. ஒல்லிப் பெட்டி வேண்டாம், டவர் பெட்டி வாங்குங்கள், சாதாரண அளவுக் கார்ட் உள்ளே போகும். 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, கூடுதல் பவர் வயர் தேவைப்படாத ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்ட். இந்தக் கார்ட் 75 வாட்டுக்குள் ஓடும், ஒபிஸ் பெட்டியின் சின்னப் பவர் சப்ளையே தாங்கும். நாளைக்கு அதே இரண்டு மணி நேரம் என்றால் மொனிட்டரும் சேர்த்து மாதம் 10 யூனிட் வரும். அதையும் 54ஓடு கூட்டினால் 64 ஆகிறது, எனவே நாளைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் கோட்டுக்குள் நிற்கலாம். போர்ட்நைட், மைன்கிராப்ட், ரோப்ளொக்ஸ், கிரிக்கெட், புட்போல் எல்லாம் இதில் நன்றாக ஓடும். இந்த வருடம் வந்த பெரிய கேம்கள் ஓடாது, அல்லது திக்கித் திக்கி ஓடும். அதைப் பிள்ளையிடம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், பிறகு அவன் முகம் வாடக் கூடாது. மிச்சக் காசில் 650 விஏ யுபிஎஸ் ஒன்று கட்டாயம். கரண்ட் போனால் கேமைச் சேமித்து மெஷினை நிறுத்த அது நேரம் கொடுக்கும்.

கன்சோல்தான் சரி என்று நான் சொல்லி அனுப்புகிற வீடுகளும் உண்டு. பத்து வயதுக்குக் கீழே இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்து, சேர்ந்து விளையாடுவதுதான் வேண்டும் என்றால் பாவித்த சுவிட்ச் ஒன்று அருமையானது. கரண்ட் போனாலும் கையில் வைத்து விளையாடலாம், இடி இடித்தால் வயரைக் கழற்றிவிட்டுத் தொடரலாம், டிவியும் தேவையில்லை. ஏற்கனவே அக்காவுக்கு வாங்கிய லேப்டொப் இருக்கிற வீட்டில் இரண்டாவது கம்ப்யூட்டர் எதற்கு? அங்கே சீரிஸ் எஸ் போதும். அதில் டிஸ்க் போட முடியாது, டேட்டா நல்லபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தங்கச்சி வீட்டில் லேப்டொப் இல்லை, டிவி ஒன்று, பிள்ளைக்கு 13 வயது. அங்கே கம்ப்யூட்டர். மருமகனிடம் நானே பேசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "மாமா, அந்தக் கார்டை நானே மாட்டலாமா?" என்று கேட்டான். மாட்டலாம் என்றேன். மெஷின் எடுக்கத் தீபாவளி கழிந்து அவனையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போகிறோம். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவைக்குப் போய், அந்தக் காம்பராவின் பிளக் பொயின்டைக் கழற்றி எர்த் கம்பி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.