விண்ட்ஸ்கிரீன் சிப் ரிப்பேர் கிட்: கொழும்பில் ஒரு வருடத்துக்கு மேல் பாவித்த அனுபவம்

கல் பட்டு முன்கண்ணாடியில் விழும் சிப்பை, அதாவது சின்ன உடைவை, ரெசின் என்ற திரவப் பிசின் ஏற்றி அடைக்கும் வேலையை நான் தொழிலாகத் தொடங்கி ஒரு வருடம் தாண்டிவிட்டது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் வாகனம் நிற்கும் இடத்துக்கே பெட்டியோடு போய்ச் செய்து கொடுக்கிறேன். என்ன கிட் வாங்கினேன், எது தாங்கியது, கை எப்படிப் பழகியது என்று கேட்பவர்கள் கூடிவிட்டதால் இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கிட் தேடுவதில் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது பழைய கண்ணாடியில் பழகுவதற்குக் கொடுங்கள்.

நான் வாங்கியது இணையத்தில் தருவித்த நடுத்தர விலைக் கிட். கண்ணாடியில் உறிஞ்சிப் பிடிக்கும் சக்ஷன் கப், அதன்மேல் இன்ஜெக்டரைத் தாங்கும் பிரிட்ஜ் என்ற சட்டம், ரெசினை உள்ளே தள்ளவும் காற்றை வெளியே இழுக்கவும் திருகி இயக்கும் இன்ஜெக்டர், மெல்லியது தடித்தது என இரண்டு ரெசின், மேல் குழியை நிரப்ப இன்னும் தடித்த ஒரு ரெசின், ரெசினை இறுக வைக்கும் யூவி (புற ஊதா) விளக்கு, கையடக்க முகம்பார்க்கும் கண்ணாடி, சுரண்டும் பிளேட். கடைகளில் தொங்கும் ஒருமுறைப் பாவனைச் சிரிஞ்ச் பாக்கெட்டையும் போட்டுப் பார்த்தேன். சின்ன வட்டச் சிப் என்றால் அது போதும். நட்சத்திரம் போலக் கால் விட்ட உடைவில் அந்தச் சிரிஞ்ச் இழுக்கும் இழுப்புப் போதாது. கால் நுனியில் காற்று நின்றுவிடும். காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு பிரிட்ஜ் கிட்தான் சரிவரும்.

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. கல் பட்டால் பெரும்பாலும் வெளித் தகடு மட்டும்தான் உடையும். நாம் நிரப்புவது அந்த வெளித் தகட்டுக்குள் இருக்கும் காற்று இடைவெளியை. பக்கக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் பொதுவாக டெம்பர் செய்தவை, உடைந்தால் பொடிப்பொடியாகக் கொட்டும், அவற்றில் இந்த வேலைக்கு இடமே இல்லை. இதைக்கூடத் தெரியாமல் பின் கண்ணாடியைக் காட்டி விலை கேட்பவர்கள் உண்டு. பொறுமையாக விளக்குங்கள். அடுத்த முறை முன்கண்ணாடியில் கல் பட்டால் அவர்கள் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

பழகுவதற்குக் கண்ணாடி வேண்டுமென்றால் பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். கண்ணாடி மாற்றும் கடைகளில் கழற்றிய பழையவை சாத்திக் கிடக்கும். ஓரத்தில் வெடிப்பு ஓடியிருந்தாலும் நடுப்பகுதி நல்லதாக இருப்பதைப் பார்த்து எடுங்கள். ஓர் இரும்புக் குண்டையும் கூரான பஞ்ச்சையும் வைத்துத் தட்டினால் விதவிதமான சிப் விழும். குண்டு வட்டமாக உடைக்கும், கூர்முனை கால்விட வைக்கும். முக்கியமான விஷயம், கண்ணாடியை மேசையில் படுக்கப்போட்டுப் பழகாதீர்கள். காரில் இருக்கும் அதே சரிவில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சரிவில்தான் ரெசின் வழியும், பிரிட்ஜ் நழுவும், இன்ஜெக்டர் மையம் தப்பும். செய்து முடித்ததை மறுநாள் உச்சி வெயிலில் வைத்து, சூடேறியதும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வாடிக்கையாளரின் காருக்கு நடக்கப்போவதும் அதுதான்: வெளியே வெயில், உள்ளே ஏசி.

இனி, கை பழகுவது பற்றி. உண்மையில் முதலில் பழக வேண்டியது கண்தான். சிப்பின் நடுவில் தளர்ந்திருக்கும் கண்ணாடித் துகளை ஊசியால் மெதுவாகக் கிளறி எடுத்துவிட்டு, இன்ஜெக்டரின் ரப்பர் முனையை அந்தப் புள்ளிக்கு நேரே செங்குத்தாக இறக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் உடைவின் வாய் நெரிந்து மூடிக்கொள்ளும், ரெசின் போகாது. தளர்வாக விட்டால் பக்கவாட்டில் கசியும். சரியான இறுக்கம் விரலுக்குப் பிடிபடத்தான் நாளாகும். பிறகு வாகனத்துக்குள் அந்தக் கையடக்கக் கண்ணாடியைப் பிடித்து, கீழிருந்து பார்த்தபடி திருக வேண்டும். காற்று இருக்கும் இடம் சாய்த்துப் பார்க்கும்போது கறுப்பு வெள்ளியாக மின்னும். அழுத்தம் ஏற ஏற அந்த மின்னல் ஓரத்திலிருந்து கரையும். எண்ணெய் பட்ட தாள் போல உடைவு தெளிந்துகொண்டே வரும். ஒரு காலின் நுனியில் மட்டும் மின்னல் பிடிவாதமாக நிற்கும். அப்போது இன்னும் அழுத்தாதீர்கள். பின்னுக்குத் திருகி வெற்றிடம் கொடுங்கள், காற்றுக் குமிழ் மேலே வரும், விட்டுவிட்டு மறுபடி அழுத்துங்கள். உள்ளிருந்து பெருவிரலால் அந்தக் காலுக்குப் பின்னால் மெல்லத் தள்ளினால் கால் சற்றே திறந்து ரெசினை வாங்கிக்கொள்ளும். அந்தக் கடைசி நூலளவு மின்னலும் மறையும் வரை யூவி விளக்கைத் தொடக்கூடாது. இறுகிய ரெசினைப் பிறகு எடுக்க வழியில்லை.

கிட்டோடு வரும் கையேடுகள் நம் ஊர் வெயிலை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. வேலை முடிந்ததும் வெயிலில் விடுங்கள், ரெசின் இறுகிவிடும் என்கிறது கையேடு. கொழும்பு வெயிலில் வேலை நடக்கும்போதே இறுகத் தொடங்கிவிடும், கால்கள் பாதி நிரம்பியபடி நின்றுவிடும். கண்ணாடி சூடாக இருந்தால் ரெசின் தண்ணியாகி ஓடும், அழுத்தும்போது வெடிப்பு நீளவும் பார்க்கும். அதனால் நான் காலையிலேயே வேலையை வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அடுக்குமாடிகளின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் செய்கிறேன். வெயில் இல்லை, கண்ணாடி குளிர்ந்திருக்கும், டோர்ச் வெளிச்சத்தில் காற்று தெளிவாகத் தெரியும். இதைவிட நல்ல இடம் இந்த நகரத்தில் இல்லை. வெயிலில் நின்ற கார் என்றால் நிழலில் நிறுத்தி, புறங்கையை வைத்துச் சுடாத வரை காத்திருப்பேன். தண்ணீர் ஊற்றி ஆற்றவே கூடாது.

வெயிலைவிடத் தொல்லை ஈரம். ஒக்டோபர், நவம்பரில் மாலைதோறும் இடிமழை. நனைந்த சிப்புக்குள் தண்ணீர் தங்கியிருக்க ரெசின் ஏற்றினால் பால் படிந்த மாதிரி ஒரு மங்கல் நின்றுவிடும், பிடிப்பும் குறையும். ஹெயார் டிரையரைத் தள்ளிப் பிடித்து மெல்லச் சூடு காட்டி, இடையிடையே இன்ஜெக்டரால் வெறும் வெற்றிடம் கொடுத்து இழுத்து, மறுபடி ஆறவிட்டு, அப்புறம்தான் ரெசின். இதற்குப் போகும் நேரம் சில நாள் நிரப்பும் நேரத்தைவிடக் கூட. வாடிக்கையாளர் மணிக்கூட்டைப் பார்த்தாலும் இந்தப் படியை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கல் பட்ட உடனே சிப்பின்மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டிவையுங்கள் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுவேன். அழுக்கும் மழையும் உள்ளே போகாமல் இருந்தாலே பாதி வேலை மிச்சம்.

எதை எடுக்கக்கூடாது என்பதையும் எழுதியே ஆகவேண்டும். உள்பக்கம் நகத்தால் தடவிப் பார்த்தால் தட்டுப்படும் உடைவு, ஓரத்தைத் தொட்டுவிட்ட வெடிப்பு, நடுப் படலம் கிழிந்தது இவை எல்லாம் கண்ணாடி மாற்ற வேண்டிய கேஸ். நம்மைப் போலவே வலப்பக்க ஸ்டியரிங் உள்ள பிரித்தானியாவில், வருடாந்த வாகனப் பரிசோதனையின்போது ஸ்டியரிங்குக்கு நேரே 290 மில்லிமீற்றர் அகலப் பட்டையில் 10 மில்லிமீற்றருக்கு மேல் சேதம் இருந்தால் வாகனம் தேறாது. அந்தப் பட்டையை மனதில் வைத்துத்தான் நானும் பார்க்கிறேன். சாரதியின் கண்ணுக்கு நேரே பெரிதாக இருந்தால் மறுத்துவிடுவேன், ஏனென்றால் நல்லபடி நிரப்பினாலும் ஒரு சின்னக் கலங்கல் மிஞ்சும், இரவில் எதிர் வெளிச்சம் அதில் சிதறும். ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் கமரா உள்ள புது வாகனங்களில், கமரா பார்க்கும் பகுதியிலும் கை வைப்பதில்லை.

வாடிக்கையாளரோடு கதைப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான். வெள்ளவத்தையில் ஓர் ஐயா, "தம்பி, அடையாளமே தெரியாமல் செய்து தருவீரோ?" என்று கேட்டார். பலரும் கேட்பது அதைத்தான். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52. நல்ல ரெசின் அதற்குக் கிட்ட வரும், அதனால் ஒளி பெரிதாக முறியாமல் கடந்துபோகும். ஆனால் கல் விழுந்த புள்ளி ஒரு சின்னப் பொட்டாகத் தெரியும். "இது வெடிப்பு ஓடாமல் நிறுத்தும் வேலை, ஐயா. பொட்டு ஒன்று இருக்கும்" என்றேன். சம்மதித்துச் செய்தார். "மல்லி, மேக ஹதன்ன புளுவன்த?" (தம்பி, இதைத் திருத்த ஏலுமா?) என்று கேட்கும் சிங்களச் சாரதிக்கும் இதே பதில்தான். வேலையின்போது வெடிப்பு நீளக்கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி, பில்லில் மூன்று மொழியிலும் அச்சடித்து வைத்திருக்கிறேன். செய்வதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்புகிறேன். அந்தப் படங்கள்தான் அடுத்த வேலையைக் கொண்டுவருகின்றன.

தொழில் நடக்குமா என்றால், நடக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் இருக்கும் காரைப் பேணிக் காக்கும் பழக்கம் ஆட்களுக்கு ஊறிவிட்டது. ஜப்பானிலிருந்து காரோடு வந்த கண்ணாடியை மாற்ற யாருக்கும் மனம் வருவதில்லை. ஒரு சிப்புக்கு நிலையான விலை, அதே வருகையில் இரண்டாவது சிப்புக்குக் குறைவு. பார்த்துவிட்டு மாற்றத்தான் வேண்டும் என்று சொல்ல நேர்ந்தால் காசு வாங்குவதில்லை.

கிட்டில் முதலில் போனது இன்ஜெக்டரின் ரப்பர் வளையங்கள். ரெசின் பட்டுப் பட்டு ஊதி, வெற்றிடம் பிடிக்காமல் போய்விட்டது. உதிரி வளையம் கிடைக்கும் கிட்டையே வாங்குங்கள், வேலை முடிந்ததும் துடைத்து வையுங்கள். சக்ஷன் கப் சூட்டில் விறைத்துவிட்டது, மாற்றினேன். கிட்டோடு வந்த யூவி விளக்கு பலவீனமானது, வேறொன்று வாங்க வேண்டியிருந்தது. பிரிட்ஜும் திருகுகளும் இன்னும் உறுதியாக இருக்கின்றன. ரெசின் போத்தலைக் காருக்குள் விடாதீர்கள், ஒளிபுகாத பெட்டியில் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, காலாவதித் திகதி பார்த்துப் பாவியுங்கள். மிச்சம் பிடிக்க மலிவு ரெசின் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சில மாதத்தில் மஞ்சளிக்கும், அப்போது உங்கள் பெயரும் சேர்ந்து கெடும்.

நீண்ட வெடிப்புகளை இன்னும் நான் எடுப்பதில்லை. முன்கண்ணாடி திருத்துவதற்கான அமெரிக்காவின் ரோலாக்ஸ் (ROLAGS) தரநிலை 14 அங்குல நீளம் வரை திருத்தலாம் என்கிறது. ஆனால் ஓடும் நுனியை நிறுத்தி, முழு நீளமும் இடைவெளி விடாமல் நிரப்புவது தனிப் பழக்கம். பழைய கண்ணாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். வெயிலும் தண்ணீரும் வைத்த பரிசோதனையில் அது தேறட்டும், அப்புறம் விலைப்பட்டியலில் சேர்க்கிறேன்.